இரண்டாவது லிட்டர்

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் சிறு நிறுவனம் ஒன்றின் பேக்கிங் கொட்டகையில் நின்றிருந்தேன். கைப்பேசியில் அன்றைய ஆர்டர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவ்வளவு ஏறியதில்லை. தள்ளுபடி விளம்பரம் பிடித்துக்கொண்டுவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே துள்ளல். அப்போது கூரியர் வண்டி வாசலில் வந்து நின்றது. சரக்கு எடுக்க வந்திருக்கிறது என்று நினைத்தேன். திரும்பி வந்த சரக்கை இறக்க வந்திருந்தது. பெட்டிகளின் அடிப்பக்கம் கறுத்து ஊறியிருந்தது. தொட்டால் விரலெல்லாம் நல்லெண்ணெய்ப் பிசுக்கு. பேக்கிங் பார்க்கும் அக்கா ஒரு பெட்டியைப் பிரித்தார். பாட்டில் மூடியை இரண்டு விரலால் திருகிக் காட்டினார். “பாருங் தம்பி, இந்த மூடி புடிக்கறதே இல்லைங்க. நானும் எத்தன நாளாச் சொல்றேன்.”

அது என் வேலையாக எனக்குத் தோன்றவில்லை. புது ஆட்களைக் கொண்டுவருவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மூடி யார் வேலையோ! அந்த நினைப்பிலிருந்து நான் வெளியே வருவதற்குள் வருடம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வருடத்தைப் பற்றியது.

நான் செய்யும் தொழிலுக்கு அச்சில் ‘வளர்ச்சிச் சந்தைப்படுத்தல்’ என்று பெயர் போடலாம். அலுவலகங்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘குரோத்’ என்பார்கள். சென்னையில் முதலீட்டாளர் பணத்தில் ஓடும் செயலி நிறுவனங்களில் சில ஆண்டுகள் இதைச் செய்தேன். அங்கே மாதா மாதம் ஒரு எண் உயர வேண்டும். இத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், ஒருவரைச் சேர்க்க இவ்வளவு செலவு. எண் உயர்ந்தால் கைதட்டு, அடுத்த சுற்று முதலீடு. சேர்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்பது வேறு மாடியில் இருப்பவர்களின் கவலை. அந்தப் பழக்கத்தோடுதான் காங்கேயத்துக்கு வந்தேன்.

முதல் மாத அறிக்கையை மில் முதலாளியிடம் காட்டினேன். எத்தனை பேர் கண்ணில் விளம்பரம் பட்டது, எத்தனை பேர் தட்டிப் பார்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று வண்ண வண்ணக் கட்டங்கள். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். “எல்லாஞ் செரிங் தம்பி. இதுல ரெண்டாவது லிட்டரு வாங்குனது எத்தன பேருங்க?”

என் அறிக்கையில் அதற்குக் கட்டமே இல்லை.

நம் ஊர்க் கடைத்தெருவில் கிராக்கி வேறு, வாடிக்கை வேறு. வழியோடு போகிறவர் நின்று விலை கேட்டு வாங்கிப் போனால் அவர் கிராக்கி. வாடிக்கை என்றால் வழக்கம். பால்காரருக்கு வாடிக்கை வீடு, பூக்காரம்மாவுக்கு வாடிக்கை வாசல், சலூன்காரருக்கு வாடிக்கைத் தலை. நேற்று முதன்முதலாக வந்தவரை எந்த மளிகைக்கடைக்காரரும் வாடிக்கை என்று சொல்லமாட்டார். நாங்களோ ஒரு தடவை பணம் கட்டியவரையெல்லாம் அந்தப் பெயரில் பதிந்துவிடுகிறோம். கிராக்கியை எண்ணி வாடிக்கை என்று கணக்கு எழுதுவதுதான் இந்தத் தொழிலின் மூலப் பிழை என்று இப்போது நினைக்கிறேன். மற்ற பிழைகளில் பாதி இதன் பிள்ளைகள்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் 450 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எள், கருப்பட்டி, ஆட்டுகூலி, பாட்டில், பெட்டி, கூரியர் எல்லாம் போக 90 ரூபாய் மிஞ்சுகிறது. ஒரு புது ஆளைப் பிடிக்க விளம்பரத்துக்கு 270 ரூபாய் ஆகிறது. அவர் மூன்று லிட்டர் வாங்கினால்தான் விளம்பரக் காசே திரும்பும். லாபம் நான்காவது லிட்டரில். மாதம் ஒரு லிட்டர் செலவாகும் வீடு என்றால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். முதல் ஆர்டருக்கு 50 ரூபாய் கூப்பனும் கொடுத்தால், மூன்றாவது லிட்டரிலும் கையைக் கடிக்கும். ஒரு லிட்டரோடு அவர் நின்றுவிட்டாலோ, நாம் அவருக்குக் காசு கொடுத்து எண்ணெயும் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். ஆர்டர் கூடக் கூட நஷ்டம் கூடும். ஆடியில் எனக்கு நடந்தது இதுதான். வரைபடம் மேலே போனது, வங்கிக் கணக்கு கீழே போனது.

இதில் கேஷ் ஆன் டெலிவரி தனிக் கதை. பணத்தை முன்னால் கட்டத் தயங்கும் நாட்டில் அந்த வசதி இல்லாமல் ஆன்லைன் வணிகம் இவ்வளவு பரவியிருக்காது என்பது உண்மை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு விரல் போன போக்கில் ஆர்டர் போட்டவர், நான்கு நாள் கழித்துக் கதவு தட்டும்போது அதை மறந்தே போயிருப்பார். அல்லது மாமியார் எட்டிப் பார்த்து, “யாரைக் கேட்டு வாங்கினே?” என்பார். பெட்டி திரும்பி வரும். போக ஒரு கூலி, வர ஒரு கூலி. தள்ளுபடியைப் பார்த்து வந்தவர்களிடம் இது அதிகமாக நடந்தது. சரக்கு வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்திருக்கவே இல்லை. விலை குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆடித் தள்ளுபடியைத் தமிழ்நாடே கொண்டாடுகிறதே, நீ மட்டும் ஏன் குறை சொல்கிறாய் என்று கேட்கலாம். ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி வேறு ஜாதி. கல்யாணம் இல்லாத மாதத்தில் தேங்கும் சரக்கை, ஏற்கெனவே அந்தக் கடைக்கு வந்து பழகியவர்களிடம் தள்ளுகிறார்கள். பழக்கம் முன்பே இருக்கிறது. தள்ளுபடி அதைச் சற்று முன்னதாக இழுத்து வருகிறது. முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கும் தள்ளுபடி அவருக்கு ஒரே ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறது: இந்தச் சரக்கின் உண்மை விலை கூப்பன் விலைதான். எங்களிடம் ஆடியில் வந்தவர்களில் மிகப் பலர் புரட்டாசியில் திரும்பிப் பார்க்கவில்லை. தீபாவளி நெருங்கியபோது சிலர் வாட்ஸ்அப்பில் வந்தார்கள். “கூப்பன் போடலையா?”

பழக்கத்தை விலை கொடுத்து வாங்கவே முடியாதா? முடியும். அதற்கு நான் பார்த்ததில் மிக நேர்த்தியான உதாரணம் கடலூர்க்காரர் ஒருவருடையது. எந்தச் செயலியும் டேஷ்போர்டும் இல்லாத காலம்.

1983-ல் சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 15,000 ரூபாய் முதலில் ஷாம்பு தயாரிக்கத் தொடங்கினார். அவருடைய தந்தை சின்னிகிருஷ்ணன் பாக்கெட் ஷாம்புக்கு வழிகாட்டியவர். பணக்காரர் வாங்குவதை ஏழையும் வாங்க முடிகிற அளவில் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருடையது. தந்தை பெயரையே சுருக்கி மகன் ‘சிக்’ என்று வைத்தார். சந்தையில் அப்போது வேறு பாக்கெட் ஷாம்புகள் இருந்தன, அண்ணன் தம்பிகளின் வெல்வெட் உட்பட. புதியவரான இவர் கடைகளில் ஒரு திட்டம் அறிவித்தார். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். கொஞ்ச காலம் கழித்துத் திட்டத்தை ஒரு சொல் மாற்றினார்: ஐந்து காலிப் பாக்கெட்டுகளும் சிக் பாக்கெட்டுகளாகவே இருக்க வேண்டும். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது என்று ரங்கநாதனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மல்லிகை, ரோஜா வாசனைகளும் நடிகை அமலாவின் விளம்பரமும் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கதையை வணிக மேலாண்மை வகுப்பில் ‘புதுமை’ என்ற தலைப்பில் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார் என்று தெரியும். காலிப் பாக்கெட் எதற்குச் சாட்சி? அந்த வீட்டில் ஷாம்பு போட்டுக் குளிக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. சீயக்காயோடு நிற்கிறவர் ஐந்து பாக்கெட்டுக்கு எங்கே போவார்? ஆக, இலவசம் சரியான வாசலுக்கே போய்ச் சேர்கிறது. அதிலும் போட்டியாளருடைய வாடிக்கை வீட்டு வாசலுக்கு. அந்த வீட்டை அடையாளம் காட்டும் செலவைப் போட்டியாளரே ஏற்றிருக்கிறார்! கொடுத்ததும் காசில்லை, கூப்பன் இல்லை, அதே சரக்கு. சரக்கு நன்றாக இல்லையென்றால் திட்டம் அங்கேயே படுத்துவிடும். நன்றாக இருந்தால் விளம்பரமும் அதுவே. எல்லாவற்றையும்விட இரண்டாம் கட்டம்தான் எனக்குப் பிடித்தது. முதல் கட்டம் ஆள் சேர்த்தது. அந்த ஒரு சொல் மாற்றம் அவர்களைத் தங்கவைத்தது. ஒரு பாக்கெட் வாங்கியவருக்கு ஒன்றும் கிடையாது. ஐந்து தடவை தலைக்குக் குளித்தவருக்கு ஆறாவது குளியல் கம்பெனி செலவில். சம்மானம் வாங்கியதற்குப் போகவில்லை, பயன்படுத்தியதற்குப் போனது. நான் ஆடியில் செய்தது இதற்கு நேர் தலைகீழ்.

கால் நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில், இணையத்தில் சேமிப்பிடம் விற்கும் டிராப்பாக்ஸ் நிறுவனம் ஏறக்குறைய இதே வழிக்கு வந்து சேர்ந்தது. கூகுள் விளம்பரத்தில் ஒரு கட்டண வாடிக்கையாளரைப் பிடிக்க அவர்களுக்கு 233 முதல் 388 டாலர் வரை ஆகிக்கொண்டிருந்தது. விற்ற பொருளின் விலையோ 99 டாலர். விளம்பரத்தை விட்டுவிட்டு, நண்பரைச் சேர்த்துவிட்டால் இருவருக்கும் கூடுதல் சேமிப்பிடம் இலவசம் என்றார்கள். 2008 செப்டம்பரில் ஒரு லட்சமாக இருந்த பயனர்கள் 2010 ஜனவரியில் 40 லட்சம். இங்கும் கொடுத்தது காசு இல்லை, சரக்கேதான். நம் காய்கறிக்காரம்மா கொசுறாகக் கறிவேப்பிலை போடுவதுபோல.

‘ஜியோ எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்துத்தானே ஜெயித்தது’ என்பதை இந்த ஒரு வருடத்தில் குறைந்தது இருபது பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. முதலில் டிசம்பர் வரை இலவசம், பிறகு பெயரை மாற்றி 2017 மார்ச் வரை இலவசம். 170 நாட்களில் 10 கோடிப் பேர். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆறேழு மாதத்துக்கான செலவைத் தாங்கத் தாய் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வருமானம் பின்னால் இருந்தது. சிம் கார்டு இருபத்து நான்கு மணி நேரமும் சட்டைப்பையில் இருக்கும் பொருள். ஆறு மாத இலவசம் என்பது ஆறு மாதப் பழக்கம். இலவசம் முடிந்து பில் வந்தபோது விடமுடியாத அளவுக்கு விரல் பழகியிருந்தது. எதிர்த் தரப்பில் என்ன ஆனது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். இங்கே 1999-ல் தொடங்கி ஊர் ஊராக வேரூன்றியிருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. புதிய நிறுவனத்தின் வரவால் வந்த கடும் போட்டியையும் கடன் சுமையையும் காரணமாகச் சொன்னது. அந்த மாதம் சிக்னலும் இல்லாமல், எண்ணை மாற்றிக்கொள்ளும் வழியும் புரியாமல் ஏர்செல் கடை வாசல்களில் ஜனங்கள் நின்றதை மறந்திருக்கமாட்டோம். பெரும் பணத்தோடு ஆடும் ஆட்டத்தின் விதியைப் பார்த்து, மாதம் முந்நூறு பெட்டி அனுப்பும் கம்பெனி காப்பியடிக்கலாமா? பழக்கம் படிகிற வரைக்கும் தாக்குப்பிடிக்கிறவருக்குத்தான் இலவசம் முதலீடு. எங்களைப் போன்றவர்களுக்கு அது அன்னதானம். புண்ணியம் வேண்டுமானால் சேரும்.

இனி யார் கணக்கு எழுதுகிறார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் எனக்கு அதிகக் கோபம் இங்கேதான்.

பத்திரிகை எத்தனை பிரதி விற்கிறது என்று பத்திரிகை அதிபர் சொன்னால் விளம்பரதாரர் நம்பத் தேவையில்லை. அதைத் தணிக்கை செய்ய 1948-லேயே ஏ.பி.சி. என்ற அமைப்பு வந்துவிட்டது. தொலைக்காட்சிக்கு பார்க் என்ற அமைப்பு இருக்கிறது. குறைகள் ஆயிரம் இருந்தாலும் கணக்கெடுப்பவர் வேறு ஆள். இணைய விளம்பரத்தில், ஒரு சிறு வணிகருக்கு எட்டும் தூரத்தில் அப்படி யாரும் இல்லை. விளம்பரத்தை விற்கிறவரே எத்தனை பேர் பார்த்தார்கள், அதனால் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எழுதிக் கொடுக்கிறார். 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக், வீடியோக்களை மக்கள் பார்க்கும் சராசரி நேரத்தை இரண்டு ஆண்டுகளாகக் கூட்டிக் காட்டிவந்ததாக ஒப்புக்கொண்டது. தராசும் படிக்கல்லும் விற்கிறவர் கையிலேயே இருந்தால் இப்படித்தான் நடக்கும்.

அந்தக் கணக்கில் பொய் இல்லாவிட்டாலும் ஒரு கோணல் உண்டு. எப்படியும் வாங்கப்போகிறவருக்கு முன்னால் விளம்பரத்தைக் காட்டிவிட்டு, விளம்பரத்தால்தான் வாங்கினார் என்று எழுதிக்கொள்வது. பந்திக்கு வந்து உட்கார்ந்தவர் கையில் அழைப்பிதழைக் கொடுத்துவிட்டு, என் அழைப்பிதழைப் பார்த்துத்தான் வந்தார் என்று சொல்வதுபோல. ஈபே நிறுவனம் இதைச் சோதித்தே பார்த்தது. தேடுபொறியில் ஈபே என்ற பெயரைத் தட்டுகிறவர்களுக்கு மேலே காசு கட்டிய இணைப்பு வரும், கீழே காசில்லாத இணைப்பு வரும். காசு கட்டுவதை நிறுத்தினார்கள். கைவிட்டுப் போயிருக்க வேண்டிய வருகைகளில் 99.5 சதவீதம் காசில்லாத இணைப்பு வழியாகவே வந்துவிட்டன. பிளேக், நோஸ்கோ, டடேலிஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் எழுதிய இந்த ஆய்வு 2015-ல் ‘எகனாமெட்ரிகா’ இதழில் வந்தது. ஊபர் கதை இன்னும் மோசம். செயலியைப் பதிவிறக்க வைப்பதற்கான 15 கோடி டாலர் விளம்பரச் செலவில் 10 கோடியை நிறுத்திப் பார்த்தபோது எந்த மாற்றமும் தெரியவில்லை என்று அங்கே அந்தப் பொறுப்பில் இருந்த கெவின் ஃபிரிஷ் பின்னாளில் சொன்னார். தானாக வந்தவர்களையெல்லாம் ‘நாங்கள்தான் அழைத்து வந்தோம்’ என்று இடைத்தரகர்கள் கணக்கில் ஏற்றியிருந்தார்கள்.

இவ்வளவு படித்த பிறகும் எங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேடுகிறவர்களுக்கு நானே விளம்பரம் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் என் அறிக்கையில் மிக அழகான வரி அதுதான். செலவு குறைவு, விற்பனை அதிகம். கார்த்திகையில் ஒரு பதினைந்து நாள் அதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஆர்டர் அப்படியே வந்தது. என் அறிக்கைதான் சோபை இழந்தது.

இதனால் விளம்பரமே வீண் என்று சொல்ல வரவில்லை. அடுத்த மாதம் இரண்டு மாவட்டங்களில் எல்லா விளம்பரத்தையும் நிறுத்தினேன். அங்கே புது ஆட்கள் வருவது கண்ணெதிரே வற்றியது. பெயரே தெரியாதவருக்குப் பெயர் சொல்ல விளம்பரம் வேண்டும்தான். எது வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள, நிறுத்திப் பார்ப்பதைவிட நம்பகமான வழி எனக்கு இன்னும் அகப்படவில்லை. அதற்குத் தைரியம் வேண்டும். நிறுத்துகிறவருக்கு விளம்பரம் ஓடினால்தானே சம்பளம்!

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் இணையக் கடையில் ‘இந்த விலை இன்னும் 10 நிமிடங்களுக்கு மட்டும்’ என்று ஒரு கடிகாரம் ஓடவிட்டிருந்தேன். பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி பத்து நிமிடம். எல்லோரும் செய்வதுதான். கும்பகோணத்திலிருந்து, ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் போனில் பேசினார். “ஏம்ப்பா, மூணு நாளா பாக்கறேன். உங்க பத்து நிமிஷம் தீரவே மாட்டேங்குதே. உங்க ஊர்ல பத்து நிமிஷம்னா எவ்வளவு நேரம்?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் காது சுட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. போலி அவசரம் அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, ‘எனக்கு உடல்நலத்தில் அக்கறை இல்லை’ என்று அழுத்தினால்தான் வேண்டாம் என்று சொல்ல முடிகிறபடி பொத்தான் வைப்பது, சேர வாசலும் வெளியேற எலிவளையுமாகச் சந்தா வைப்பது எல்லாம் அதில் உண்டு. அன்று ராத்திரியே கடிகாரத்தை எடுத்தேன். ஒரு வாரம் விற்பனை கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். பெரியவர் இப்போதும் கடலை எண்ணெய் வாங்குகிறார்.

மூடிக்கு வருகிறேன்.

பேக்கிங் அக்காவிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கிறது. பெட்டிமேல் விலாசம் ஒட்டுகிறவர் அவர்தான் என்பதால் பெயர்கள் கண்ணில் பட்டுப் பட்டு மனதில் தங்கிவிடும். யார் எப்போது என்ன வாங்குவார்கள் என்று தனக்குத் தெரிந்த மட்டில் குறித்துவைப்பார். மார்கழித் தொடக்கத்தில் ஒருநாள், “திருச்சி அம்மா இந்த மாசம் போடலீங்களே தம்பி” என்றார். எந்தத் திருச்சி அம்மா? “மாசம் மொத வாரம் ரெண்டு லிட்டரு நல்லெண்ணெய், ஒரு லிட்டரு தேங்காயெண்ணெய் போடுவாங்களே, அவங்க. போன மாசமும் போடலீங்க.” என் டேஷ்போர்டில் அந்த அம்மா ஒரு வரிகூட இல்லை. வராதவர்களைக் காட்டும் திரை அதில் கிடையாது.

போன் செய்தேன். அந்த அம்மா தயங்கித் தயங்கிப் பேசினார். “எண்ணெயில குறை இல்லப்பா. போன தடவ பெட்டி ஒழுகி, சோபாவெல்லாம் எண்ணெயாயிடுச்சு. உங்க பெட்டி வந்தாலே இப்ப பயமா இருக்கு.” ஏன் புகார் சொல்லவில்லை என்று கேட்டேன். “பாவம், சின்ன கம்பெனி, என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.”

அன்று உட்கார்ந்து, இரண்டு தடவையாவது வாங்கிவிட்டு நின்றுபோனவர்களை அக்காவின் நோட்டைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தார் ஒருவர். டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார் ஒருவர். விலை கட்டுப்படியாகவில்லை என்று சிலர் நேராகவே சொன்னார்கள். மீதிப் பேரில் பலர் சொன்னது ஒரே சொல்: ஒழுகியது. நான் ஆள் பிடித்துக்கொண்டிருந்த மாதங்கள் முழுக்க, ஐந்து ரூபாய் பெறாத ஒரு மூடி அவர்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

முதலாளியிடம் போய், ஒரு மாத விளம்பரக் காசை என்னிடமிருந்து எடுத்து, மூடிக்குள் அலுமினியத் தாள் ஒட்டும் மெஷின் வாங்குங்கள் என்றேன். விளம்பரக்காரன் தன் பட்ஜெட்டைத் தானே குறைக்கச் சொல்வதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. உடம்பு சரியில்லையா என்பதுபோல் என்னைப் பார்த்தார். மெஷின் வந்தது. அக்காவுக்குத் தனியாக ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம். இருபத்தைந்தாம் நாள் வாக்கில் அவர் கூப்பிடுவார்: “எண்ணெய் தீந்திருக்குமேங்க?” கூப்பன் இல்லை, கடிகாரம் இல்லை. பெரிய நிறுவனங்களில் இந்த வேலைக்கு நீளமான ஆங்கிலப் பதவிப் பெயரும் அதற்கேற்ற சம்பளமும் உண்டு. அக்காவுக்குப் பெயர் இன்னும் பேக்கிங்தான். சம்பளம் ஏறியது, நான் கேட்ட அளவுக்கு ஏறவில்லை.

சிறு தொழில் செய்கிறவர்களைக் கூட்டிவைத்து ‘டிஜிட்டலுக்கு மாறுங்கள்’ என்று சொல்லும் கூட்டங்கள் இப்போது ஊருக்கு ஊர் நடக்கின்றன. நானும் சிலவற்றில் பேசியிருக்கிறேன். பதிவுக்கு எப்படிக் காசு கட்டி ஓட்டுவது, எந்த வயதினரைக் குறிவைப்பது என்று மதியச் சாப்பாடு வரை சொல்லிக்கொடுக்கிறோம். வாங்கியவர் மறுபடி வந்தாரா என்று எண்ணச் சொல்லிக்கொடுத்த கூட்டம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. முதலீட்டாளர்கள் முன்னால் நிற்கும் இளைஞர்களிடமும் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தயாரிக்கவே பையன்கள் கூப்பனை வாரி இறைக்கிறார்கள். தொழில் சங்கங்களாவது கேள்வியை மாற்றிப் பார்க்கலாம். ஏ.பி.சி. போல இணைய விளம்பரக் கணக்கையும் மூன்றாம் ஆள் சரிபார்க்கும் ஏற்பாடு சிறு விளம்பரதாரருக்கும் வேண்டும் என்று அரசிடம் கேட்கலாம். தெருக்கடைத் தராசுக்கே முத்திரை கேட்கிற அரசுதானே இது.

சென்ற வாரம் விளம்பர நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி பேசினார். உங்கள் கணக்கின் மதிப்பெண் இறங்கிவிட்டது, பட்ஜெட்டை ஏற்றினால் சரியாகிவிடும் என்றார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு முதலாளி பக்கம் வைத்தேன். அவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“செரிங் தம்பி. நீங்க வீட்டுக்கு எண்ணெய் எங்கீங்க வாங்கறீங்க?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “சூப்பர் மார்க்கெட்ல சார்.”

“அட்ரஸ் சொல்லுங்க, ஒரு லிட்டரு அனுப்பி வுடறேன். இதுக்குக் காசு வேண்டாமுங்க. புடிச்சுதுன்னா அடுத்த மாசம் காசு குடுத்து வாங்குங்க.”

அவர் விலாசம் சொல்லச் சொல்ல, அக்கா ஒரு கையில் பெட்டியை வைத்துக்கொண்டு மார்க்கரைத் தேடிக்கொண்டிருந்தார்.